பேட்டரி பரவாயில்லை

சேலம், கோயம்புத்தூர், மதுரைன்னு மூணு ஊர்ல இருந்து ட்ரெயினிங்குக்காக செகந்திராபாத் வந்து இறங்கியிருக்கிற தம்பி, தங்கச்சிங்களா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன். உங்க மேனேஜர் விடலை. "இத்தனை வருஷம் வண்டி பார்த்தவர் நீங்க. பழைய ஹைப்ரிட் கார் வாங்கறப்ப என்னென்ன பார்க்கணும்னு புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க"ன்னு ஒரு வாரமா போன். நாலு வார்த்தை எனக்குத் தேவையில்லை. ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையாலதான் நான் இந்தத் தொழிலையே விட்டேன்.

நேத்து உங்க டேப்லெட்டை எல்லாம் வாங்கி, இந்த வாரம் நீங்க போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம், நடுவுல மஞ்சள் கட்டம். டயர், பெயின்ட், கண்ணாடி எல்லாத்துக்கும் தைரியமா பச்சை, சிவப்பு போட்டிருக்கீங்க. ஹைப்ரிட் பேட்டரின்னு வர்ற இடத்துல மட்டும் அத்தனை பேர் கையும் மஞ்சள்லதான் போய் நிக்குது. ஆடி மாசத்துக் கோயில்ல கூட இவ்வளவு மஞ்சளை நான் பார்த்ததில்லை. ஏம்மான்னு ஒரு தங்கச்சியைக் கேட்டா, "சேஃப் சைடு சார்"னு சொல்லுது. யாருக்கும்மா சேஃப்? உனக்கா, வாங்கறவங்களுக்கா?

கோவிச்சுக்காதீங்க. என் வாய் அப்படித்தான்.

என்ன பார்க்கணும்கிறது உங்க புத்தகத்துலயே இருக்கு. இருந்தாலும் கூப்பிட்டதுக்கு மரியாதையா நாலு சொல்றேன். பின்சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காத்து போற ஜாலி அடைச்சிருக்கா பாருங்க. ஜாலின்னா இந்த ஊர்ல கம்பி வலை, நீங்க நினைக்கிற ஜாலி இல்லை. வண்டியோட கம்ப்யூட்டர்ல மாட்டற ஸ்கேனர் ஒரு தப்பும் காட்டலைன்னா சந்தோஷப்படாதீங்க. அதுல பதிவான தப்பை எப்ப அழிச்சாங்க, அழிச்ச பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு பாருங்க. ஓடித் தேஞ்ச ஹைப்ரிட்டைவிட ஓடாம நின்ன ஹைப்ரிட் மோசம், பேட்டரி சும்மா கிடந்தே கெட்டுடும். பேட்டரி வாரண்டி அடுத்த ஓனருக்கும் உண்டுன்னு யாராவது வாயால சொன்னா நம்பாதீங்க, பேப்பரை வாங்கிப் படிங்க. கடைசியா, ஏசியை முழுசா வச்சு ஒரு மேட்டுல ஏத்தி, பேட்டரி அளவு எப்படி இறங்குதுன்னு பாருங்க. அவ்வளவுதான் டெக்னிக்கல். இந்த அத்தனையும் தெரிஞ்சவன்தான் நான். அன்னிக்கு அத்தனையும் பார்த்தவனும் நான்தான்.

எங்க குடும்பம் வெள்ளைக்காரன் காலத்துல வேலூர்ப் பக்கத்துல இருந்து இங்க வந்தது. வீட்டுக்குள்ள இன்னிக்கும் "இன்னா, எங்க போய்கினு இருக்கே"தான். வாசப்படி தாண்டினா ஆமாவுக்கு "ஹவ்", வேணாமுக்கு "நக்கோ". பாதி வாழ்க்கை ராணுவ வண்டிகளைப் பராமரிக்கிற ஒரு டிப்போவுல போச்சு. அங்கிருந்து விருப்ப ஓய்வு வாங்கிட்டு, பழைய வண்டி வாங்கறவங்க கூப்பிட்டா கூடப் போய்ப் பார்த்துச் சொல்றதுதான் மீதிப் பொழப்பு. கூப்பிட்டவங்க பெரும்பாலும் நம்ம தமிழ் ஜனம். லேபுல, ஃபேக்டரியில, பேங்குல வேலை பார்க்கிறவங்க.

இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு ஆயுதம் இருந்தது. தமிழ். விக்கறவன் தெலுங்கு பேசுவான், இல்லைன்னா உருது பேசுவான். அவன் பக்கத்துல நிக்கும்போதே, அவன் முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே, என் ஆளுகிட்ட உண்மையைத் தமிழ்ல போட்டு உடைச்சிடுவேன்.

ஒருதரம் மலக்பேட் பக்கம் ஒரு புரோக்கர். பளபளன்னு துடைச்சு வச்ச ஹைப்ரிட். பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளிய இழுத்தேன். நுனியில ஒரு சாண் நீளத்துக்குச் சேறு காஞ்ச கறை. ஏரி உடைஞ்ச மழையில முங்கின வண்டி. ஹைப்ரிட்டுல தண்ணி போச்சுன்னா பேட்டரி, ஒயர் எல்லாம் உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டே இருக்கும், என்னிக்கு வேலையைக் காட்டும்னு சொல்ல முடியாது. நான் பானட்டைத் தட்டிக்குடுத்துக்கிட்டே என் கஸ்டமர்கிட்ட சொன்னேன்: "சார், இது முங்கிச் செத்த பொணம். அட்வான்ஸ்னு ஒரு பைசா எடுத்துடாதீங்க. சந்தோஷமா தலையை ஆட்டிக்கிட்டே நம்ம வண்டியில ஏறுங்க." அவரும் கெட்டிக்காரர், "ஆஹா, ஆஹா"ன்னு தலையாட்டினார். புரோக்கர் என் தோள்ல கையைப் போட்டு, "க்யா போல்ரே மியான்?"னு கேட்டான். சீட்டு ரொம்ப மெத்துன்னு இருக்குன்னு சொல்றேன் பாய்னேன். "ஹவ், ஹவ்"ன்னு அவனுக்கு முகமெல்லாம் பல்லு.

சிரிக்கிறீங்க. நானும் பல வருஷம் இதைச் சொல்லிச் சிரிச்சவன்தான். ஆனா இந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குள்ள என்ன பண்ணிச்சுன்னு எனக்கே தெரியலை. உண்மையைச் சொல்ல ஆளைத் தனியாக் கூட்டிட்டுப் போகணும்கிற பழக்கமே எனக்கு வரலை. ரிப்போர்ட்டுல கறாரா எழுதற பழக்கமும் வரலை. பேப்பர்ல இங்கிலீஷ்ல மேம்போக்கா நாலு வரி எழுதிடுவேன். நிஜத்தை அங்கேயே தமிழ்ல சொல்லியாச்சே, பேப்பர் எதுக்குன்னு ஒரு மெத்தனம்.

இப்ப ஒரு பெரியவரைப் பத்திச் சொல்லணும். பேர் சொல்ல மாட்டேன், பெரியவர்னே வச்சுக்குங்க. டிப்போவுல எனக்கு மேலதிகாரி. தமிழர். வேலையில சேர்ந்த ரெண்டாம் வருஷம் ஒரு லாரியோட பிரேக்கைக் கழட்டிப் பார்க்காமலே "சரியா இருக்கு"ன்னு கையெழுத்துப் போட்டேன். அன்னிக்கு மதியமே அது யார்டு சரிவுல தானா உருண்டு போய்ச் சுவத்துல முட்டி நின்னுச்சு. சுவத்துக்குப் பக்கத்துலதான் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. யார் மேலயும் படலை, என் நல்ல காலம். விசாரணை வச்சாங்க. பெரியவர் எழுந்து, "நான்தான் அவசரப்படுத்தினேன், பையன் மேல தப்பில்லை"ன்னுட்டார். அவருக்கு வரவேண்டிய புரமோஷன் ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டலை. "பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே, அவ்வளவுதான்டா இந்தத் தொழில்"னார். என் வீட்ல அடுப்பு எரிஞ்சது அந்த மனுஷனாலதான். இதை மனசுல வச்சுக்குங்க.

சில வருஷத்துக்கு முன்னால, தை மாசம் முடியற சமயம், கோகிலா மேடம்னு ஒருத்தங்க கூப்பிட்டாங்க. தார்நாகாவுல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல டெக்னீஷியன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரங்க, பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவாங்க. அவங்க வீட்டுக்காரர் தங்கராஜ், கணக்கு வாத்தியாரா இருந்தவர். நுரையீரல் கெட்டுப்போய் வேலையை விட்டுட்டார். வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில மூச்சுப் பயிற்சி. அதுக்குப் போய்க்கிட்டே இருந்தா ஆக்சிஜன் மிஷின் இல்லாம ஓட்டலாம், விட்டா படுக்கைதான்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஆட்டோவுல போனா புகை. வாடகைக் காருன்னா சிக்னல்ல ஏசியை அணைச்சிடறான். ஹைப்ரிட்டுல சிக்னல்ல இன்ஜின் நின்னாலும் பேட்டரியில ஏசி ஓடும், உதறல் இருக்காதுன்னு லேபுல யாரோ சொல்லியிருக்காங்க. சரியான யோசனைதான்.

"வண்டி அழகா இருக்கோணும்னு இல்லைங்க சார்"னாங்க. "நடுரோட்ல நிக்கக்கூடாதுங்க. இவரு வெயில்ல பத்து நிமிஷம் தாங்கமாட்டாருங்க. அது ஒண்ணைப் பார்த்துச் சொன்னீங்கன்னாப் போதும்."

அது ஒண்ணுதான் கேட்டாங்க.

தமிழ்க்காரங்க வாட்ஸாப் குரூப்புல விளம்பரம் பார்த்திருக்காங்க. "நம்மாளு வண்டி, ஒரே ஓனர், அல்வால்ல." முகவரியை வாங்கினேன், வீட்டு நம்பரை நான் கவனிக்கலை. மூணு பேரும் போய் இறங்கின பிறகுதான் தெரியுது, அது பெரியவர் வீடு. அவர் மகன் வெளிநாடு போறப்ப விட்டுட்டுப் போன கார். பெரியவர் கேட்டைத் திறந்து, "அடடே, நீயா இன்ஸ்பெக்டர்! அப்ப எனக்குக் கவலையே இல்லை"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். கோகிலா மேடம் முகத்துலயும் அப்படி ஒரு நிம்மதி. விக்கறவரும் நம்மாளு, பார்க்கிறவரும் நம்மாளு. அந்த நிமிஷமே, "மேடம், இவர் எனக்கு வேண்டியவர், நான் பார்க்கிறது முறையில்லை, வேற ஆளை வச்சுப் பாருங்க"ன்னு திரும்பியிருக்கணும். வாசல்லயே செஞ்சிருக்கவேண்டிய வேலை அது. உள்ளே போயி உட்கார்ந்து, பெரியவரோட வீட்டம்மா குடுத்த காபியைக் குடிச்சேன்.

தங்கராஜ் சார் தமாஷான ஆளு. நான் பானட்டைத் திறக்கிறேன், பக்கத்துல வந்து நின்னு மூச்சு வாங்கிக்கிட்டே, "சார், அப்படியே எனக்கும் ஒரு இன்ஸ்பெக்ஷன் போட்டுக் குடுத்துருங்க. இன்ஜின் நல்லாருக்கு, ஏர் ஃபில்டர்தான் அவுட்டு"ன்னார். எல்லாரும் சிரிச்சோம்.

கார் வெளிய பார்க்க ராஜா. எட்டு வருஷத்துக்கு ரொம்பக் குறைச்ச ஓட்டம், அதாவது முக்கால்வாசி நாள் ஷெட்டுலயே நின்னிருக்கு. பின்சீட்டு ஜாலியைக் கழட்டினேன். பெரியவர் வீட்டு நாயோட முடி, மெத்தைக்குப் பஞ்சு அடைச்ச மாதிரி அடைச்சிருந்தது. ஸ்கேனரை மாட்டினேன். ஒரு தப்பும் இல்லை, சுத்தம். அடுத்த பக்கத்தைத் தள்ளினேன். தப்பை அழிச்ச பிறகு வண்டி ஓடின தூரம் ஆறு கிலோமீட்டர். ஆறே கிலோமீட்டர்! முந்தின நாளோ அன்னிக்குக் காலையிலயோ யாரோ துடைச்சிருக்காங்க.

"சார், சமீபத்துல யாராவது ஸ்கேனர் மாட்டினாங்களா?"ன்னு பெரியவர்கிட்ட கேட்டேன்.

"சர்வீஸ்ல ஏதாவது பார்த்திருப்பாங்கப்பா. ஏன்?"னார். அந்த "ஏன்?" கொஞ்சம் நீளமா இருந்தது.

மேடத்தையும் தங்கராஜ் சாரையும் ஏத்திக்கிட்டு, ஏசியை முழுசா வச்சு, பக்கத்துல இருந்த மேம்பாலத்துல ஏத்தினேன். ஏறும்போது பேட்டரி அளவு ஏழு கோடு. உச்சிக்குப் போறதுக்குள்ள ரெண்டு. இறங்கறப்ப மறுபடி கிடுகிடுன்னு ஏழு. நல்ல பேட்டரி இப்படிக் கூத்தாடாது. உள்ளுக்குள்ள ஒரு பகுதி செத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஆறு மாசம் வரலாம், ஆறு வாரத்துல கையை விரிக்கலாம். எனக்கு அப்பவே தெரியும். கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாம தெரியும்.

திரும்பி வந்து நானும் மேடமும் இறங்கினோம். பெரியவர் வாசல்ல நிக்கிறார். அவர் வீட்டம்மா நிக்கிறாங்க. தங்கராஜ் சார் முன்சீட்டுல கண்ணை மூடிக்கிட்டு ஏசியை அனுபவிச்சுக்கிட்டு இருக்கார். கோகிலா மேடம் என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "என்ன சொல்றீங்க சார், வாங்கலாமுங்களா?"

இத்தனை வருஷமா இதே இடத்துல, இதே கேள்விக்கு, எதிர்ல நிக்கிறவன் முகத்தைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே தமிழ்ல உண்மையைச் சொன்ன வாய் இது. அன்னிக்கு எதிர்ல நின்னவரும் தமிழ். என் ஆயுதம் அப்படியே கைநழுவிப் போச்சு. தெலுங்குல சொன்னாலும் எல்லாருக்கும் புரியும், உருதுல சொன்னாலும் புரியும். ஒளிஞ்சுக்க எனக்கு ஒரு பாஷை இல்லை. ஒளியாமச் சொல்லணும், அதுதான் வேலை. எனக்காகத் தன் புரமோஷனை விட்ட மனுஷன் முகத்துக்கு நேரா, "சார், நீங்க செத்த பேட்டரியை மறைச்சு விக்கறீங்க"ன்னு சொல்லணும்.

நான் சொன்னேன்: "பேட்டரி பரவாயில்லை மேடம்."

இந்த வார்த்தையை நம்ம ஆளுங்க மாதிரி யாரும் புழங்கமாட்டாங்க. பையன் நல்ல மார்க்கு வாங்கிட்டு வந்தா, "பரவாயில்லையே!"ன்னு சந்தோஷப்படுவோம். பஸ்ல ஒருத்தன் காலை மிதிச்சுட்டு மன்னிப்புக் கேட்டா, வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டு, "பரவாயில்லை"ம்போம். நான் சொன்னது ரெண்டாவது. காலை மிதிச்ச பரவாயில்லை. அவங்க காதுல விழுந்தது முதலாவது.

"பரவாயில்லைங்களா? அப்பச் சரிங்க"ன்னு அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது. உள்ளே குனிஞ்சு வீட்டுக்காரர்கிட்ட, "பேட்டரி நல்லா இருக்குதாமுங்க"ன்னாங்க. பாருங்க, தமிழ்ல இருந்து தமிழுக்கே மொழிபெயர்த்துட்டாங்க. நான் குறுக்க ஒரு வார்த்தை பேசலை. பெரியவர் என்னைப் பார்க்காம நாயைத் தடவிக்கிட்டு இருந்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் பொண்டாட்டி விஷயத்தைக் கேட்டுட்டு, "போன் போட்டுச் சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிகினு இருக்கே?"ன்னா. நியாயமான கேள்வி. போனைக் கையில எடுத்தேன். எடுத்த நேரத்துக்குப் பெரியவர் கூப்பிட்டார். "ரொம்ப சந்தோஷம்ப்பா. அந்தம்மா அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் குடுத்தேன்னாங்க." அட்வான்ஸ் குடுத்தா என்ன, வண்டியா கைமாறிடுச்சு? அப்பவும் கூப்பிட்டிருக்கலாம். போனைச் சார்ஜுல போட்டுட்டுப் படுத்துட்டேன்.

இன்னொரு சந்தர்ப்பமும் வந்தது. ரிப்போர்ட்டுல, "ஹைப்ரிட் பேட்டரி ஆவரேஜ், கவனிச்சு வரவும்"னு இங்கிலீஷ்ல எழுதி அனுப்பினேன். உங்க மஞ்சள் கட்டம்தான் அது, அப்ப கலர் இல்லை. கோகிலா மேடம் லேபுல வேலை பார்க்கிறவங்க, வார்த்தையைப் படிக்கத் தெரிஞ்சவங்க. ஒழுங்கா போன் பண்ணிக் கேட்டாங்க: "ஆவரேஜ்னு போட்டிருக்கீங்களே சார், ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"எட்டு வருஷ வண்டிக்கு அப்படித்தான் எழுதுவோம் மேடம்"னேன்.

முதல்ல சொன்னது பெரியவர் முன்னாடி. அதுக்கு முகதாட்சண்யம்னு ஒரு சாக்கு உண்டு. இதை நான் என் வீட்டு ஹால்ல தனியா உட்கார்ந்துக்கிட்டு சொன்னேன். யாரும் பக்கத்துல இல்லை. ஒருதரம் மழுப்பினவன், மறுதரம் அந்த மழுப்பலைக் காப்பாத்தறதுக்காகவே பொய் சொல்வான். இதை எழுதி வச்சுக்குங்க. ஜாலியில நாய்முடி இருந்துச்சுங்கிறதைவிட இது முக்கியம்.

மே மாசம். மதியம் சாப்பாட்டுல கை வச்சிருக்கேன், போன். "சார், கோகிலா பேசறேனுங்க. மெட்டுகூடா தாண்டி ரோட்டுல நிக்கிறோமுங்க. சிவப்பா ஏதோ எரியுது. ஏசி நின்னுபோச்சு. வண்டி நகரவே மாட்டேங்குது." பின்னால ஊர்ப்பட்ட ஹார்ன். "கண்ணாடியை இறக்கினா புகைங்க. ஏத்தினா அனலா அடிக்குதுங்க. எந்தப் பட்டனை அழுத்தோணும், சொல்லுங்க சார்."

என்னைக் கேட்கிறாங்க. சர்வீஸ் சென்டரைக் கூப்பிடலை, என்னைக் கூப்பிட்டாங்க. பேட்டரி நல்லா இருக்குன்னு சொன்னவன் நான்தானே, அதனால இது ஏதோ பட்டன் சமாச்சாரம்னு நம்பறாங்க.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "மேடம், பேட்டரி செத்துப்போச்சு, இனி கிளம்பாது. சாரைத் தூக்கிக்கிட்டு முதல்ல நிழலுக்குப் போங்க." அதை முதல் நொடியிலயே சொல்லியிருக்கணும். நான், "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க மேடம்"னேன். அவங்க பண்ணாங்க. "இன்னொருதரம் பண்ணுங்க"ன்னேன். பண்ணாங்க. நாலுதரம் பண்ணச் சொன்னேன். கிளம்பிட்டா நான் தப்பிச்சேன் பாருங்க, அந்த ஆசை. அந்த நாலுதரமும் அந்த மனுஷன் அந்தச் சூட்டுல உட்கார்ந்திருந்தார். போன் வழியா அவர் மூச்சு எனக்குக் கேட்டுச்சு. விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

கடைசியில காப்பாத்தினது ஒரு ஆட்டோக்காரர். "அம்மா, டென்ஷன் நக்கோ, ஹாஸ்பிடல் மைச் லேகே ஜாதூன்"னு அவர் குரல் கேட்டுச்சு. போன் கட்டாயிடுச்சு. முகம் தெரியாத அந்த ஆளு, நிலைமையை ஒரு பார்வை பார்த்தார், நானே கூட்டிட்டுப் போறேன்னுட்டார். அவருக்கு ஸ்கேனர் தேவைப்படலை.

ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் வச்சிருந்தாங்க. உயிரோட வீட்டுக்கு வந்தார். ஆனா ஆக்சிஜன் மிஷினோட வந்தார். அதுக்கப்புறம் எந்தக் காருலயும் ஏறமாட்டேன்னுட்டாராம். கதவைச் சாத்தினாலே நடுங்கறாராம். மூச்சுப் பயிற்சிக்குப் போறது நின்னுபோச்சு. அதுக்காகத்தான் அந்த வண்டியே வாங்கினாங்க.

விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே அல்வாலுக்குப் போனேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். பெரியவர் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தார். "சார், தப்பை அழிச்சு வச்சது நீங்கதானே?"ன்னு கேட்டேன். மறைக்கலை. "மெக்கானிக்கை வச்சு அழிச்சேன். விக்கறவன் எவன்தான் அழிக்கலை?"னார்.

"அந்த மனுஷன் நிலைமை தெரிஞ்சும் செஞ்சீங்களே சார்."

பைப்பை மூடிட்டு என்னை நேராப் பார்த்தார். "நான் மறைச்சேன், சரி. நீ கண்டுபிடிச்சே. என்னைக் கேட்டப்பவே உன் முகத்துல தெரிஞ்சது. இப்பப் போச்சு பேரம்னு நினைச்சேன். நீ வாயைத் திறந்து பரவாயில்லைன்னே. பார்த்ததைச் சொல்லுன்னுதானேடா உனக்குச் சொல்லிக்குடுத்தேன்? நானா அன்னிக்கு வாயைப் பொத்தினேன்?"

பெரியவர் செஞ்சது அயோக்கியத்தனம். அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்லை. அன்னியோட அவர் வீட்டுப் பக்கம் போறதை நிறுத்திட்டேன். ஆனா அவர் கேட்டதுல தப்பில்லை. அவருக்காகத்தான் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவர் என்னைக் கேட்கவே இல்லையே! விசாரணையில எனக்காக அவர் பொய் சொன்னார், பதிலுக்கு நான் ஒரு பொய் சொன்னேன். நடுவுல பணயம் வச்சது தங்கராஜ் சாரோட மூச்சை.

அதுக்கப்புறம் ஒரு வாரம் கழிச்சு தார்நாகாவுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசறதுன்னு ஒத்திகை பார்த்துக்கிட்டே போனேன். ரெண்டாவது மாடி. கீழே, வேப்பமரத்தடியில அந்தக் கார் கவர் போட்டு நின்னுச்சு. கோகிலா மேடம் கதவைத் திறந்து, "வாங்க சார்"னாங்க. கோபமா இருந்தா நல்லா இருந்திருக்கும். உள் அறையில மிஷின் ஓடற சத்தம். திரைச்சீலைக்குப் பின்னால கட்டில் கால் மட்டும் தெரிஞ்சது. தமாஷ் பண்ணி யாரும் வெளிய வரலை.

நாற்காலி நுனியில உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். ஆறு கிலோமீட்டர், நாய்முடி, மேம்பாலத்துல ஏழு ரெண்டானது, பெரியவர் எனக்கு யாருங்கிறது, எல்லாம். "எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்"னேன். என் வாழ்க்கையில ஒரு வண்டியைப் பத்தி நான் குடுத்த ஒரே ஒழுங்கான ரிப்போர்ட் அதுதான். அதைக் குடுத்த நாள்ல அந்த வண்டி கீழே செத்து நிக்குது.

அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அழலை, திட்டலை. அப்புறம், வீட்டுக்கு வந்தவன்கிட்ட யாரும் கேட்கிற மாதிரி, "வெயில்ல வந்திருக்கீங்க, குடிக்கத் தண்ணி கொண்டாரட்டுங்களா?"ன்னு கேட்டாங்க.

எனக்குத் தொண்டை காஞ்சு ஒட்டிப்போய்க் கிடந்தது. ஆனா அந்த வீட்டுத் தண்ணியைக் குடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? கையெடுத்துக் கும்பிட்டு, "பரவாயில்லை மேடம்"னேன்.

சத்தியமா யோசிச்சுச் சொல்லலை. நாக்குலயே ஊறின வார்த்தை, தானா வந்துடுச்சு.

எழுந்திரிச்சவங்க அப்படியே நின்னுட்டாங்க. என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "அன்னிக்கும் இதைத்தான் சொன்னீங்க சார்"னாங்க. "வேணுமா, வேணாமா? அதைச் சொல்லுங்க."

"வேணும்"னேன்.